பாஸ் ஒதுக்கிவைத்த குண்டுகள்

செவ்வாய்க்கிழமை காலை, அன்றைய வேலை பிரிக்கும் பிரட்டுக்கு ஆட்கள் கூடிக்கொண்டிருந்த நேரம். டிஸ்பென்சரி வாசலில் ஒரு குழந்தையை வாய் திறக்கவைத்துத் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. பாக்கியம் அக்கா. "டாக்டர் ஐயா, அவரு போயிட்டாருங்க" என்றார். குரலில் அழுகை இல்லை. இரண்டு மாதமாக அழுது தீர்த்திருந்தார். "கடைசியில ஆருக்காவது ஏதும் சொன்னவரோ, அக்கா?" என்று கேட்டேன். "என்னாத்தங்க சொல்லணும்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். ஒன்றுமில்லை, வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். கணவனைப் பறிகொடுத்த பெண்ணிடம் முதல் வார்த்தையாக இதையா கேட்பது என்று அன்றிலிருந்து என்னை நானே ஏசிக்கொண்டிருக்கிறேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அழகர்சாமி பாஸை இந்தத் தோட்டத்தில் தெரியாதவர்கள் இல்லை. கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளுக்காக மட்டும் சொல்கிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களையெல்லாம் திருத்துகிற பாஸ் அவர்தான். கொழுந்து அரைக்கும் ரோலர் நின்றுவிட்டால் தோட்டத்தை நடத்தும் துரையே பங்களாவிலிருந்து இறங்கி அவரைத் தேடி வருவார். தோட்டத்து ரைபிளும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு கட்டுத் துவக்கு வெடித்து அவர் காலில் பட்டது. பன்றி வரும் தடத்தில் முழங்கால் உயரத்துக்குத் துவக்கைக் கட்டிக் குறுக்கே கம்பி இழுத்துவிடுவார்கள். கம்பியில் எது தட்டினாலும் அது வெடிக்கும். அதைக் கட்டியவர் யார் என்று பொலிஸ் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. எனக்கு அது தெரியும். பாஸுக்கும் தெரிந்திருந்தது. கட்டியவரைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது.

நான் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சிக்காரன். இந்தத் தோட்டத்துக்கு மருத்துவ உதவியாளனாக வந்த புதிதில், ஒரு பின்னேரம் பாஸ் பிஸ்கட் டின் ஒன்றோடு டிஸ்பென்சரிக்கு வந்தார். மருந்துப் பொடி நிறுக்கும் என் சின்னத் தராசைக் கொஞ்ச நேரம் தரமுடியுமா என்று மிகப் பணிவாகக் கேட்டார். எதற்கு என்றேன். டின்னைத் திறந்து காட்டினார். உள்ளே துவக்குக் குண்டுகள். நான் எழுந்து கதிரைக்குப் பின்னால் போய் நின்றேன். யுத்தம் நடந்த எங்கள் ஊரில் துவக்கு என்பது கண்டதும் ஓடவேண்டிய சாமான். பாஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மரியாதைக்கு அடக்கிக்கொண்டார். "பயப்படாதீங்க டாக்டர் ஐயா, இது வெறும் குண்டு. தோட்டாவுல ஏத்தாத வரைக்கும் இதுவும் கூழாங்கல்லும் ஒன்னுதான்" என்றார். மருந்து நிறுக்கிற தராசில் இதை வைப்பதா என்று கோபமாகக் கேட்டேன். "நீங்க அளவு கூடிறப்படாதுன்னு நிறுக்குறீங்க. நானும் அதுக்குத்தாங்க கேக்குறேன்" என்றார். நான் கொடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, இரத்தினபுரியில் யாரோ ஒரு கல் வியாபாரி கொடுத்ததாக, மாணிக்கம் நிறுக்கும் தராசு ஒன்றைக் கொண்டுவந்து எனக்குக் காட்டிவிட்டுப் போனார். அந்த முதலாளியின் சுரங்கத்துத் தண்ணீர்ப் பம்பைத் திருத்திக் கொடுத்திருக்கிறார். அதற்குக் கூலி வேண்டாம், பழைய தராசு இருந்தால் போதும் என்றிருக்கிறார். என்னைக் குத்திக்காட்ட வந்தாரோ என்று அன்று நினைத்தேன். அது அவர் சுபாவம் இல்லை என்று தெரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் குவார்ட்டர்ஸுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போகத் தொடங்கினேன். அந்த ரைபிள் முந்திய காலத்துத் துரை ஒருவர் விட்டுப்போனது. அதற்குரிய தோட்டாக்கள் கடையில் வருவது நின்று பல காலம். அதனால் சுட்ட பித்தளைக் கோதுகளை எறியாமல் பொறுக்கிவந்து, முறைப்படி அனுமதி எடுத்து, வெடிமருந்தும் குண்டும் புதிதாக ஏற்றித் தோட்டாவைத் தானே செய்துகொள்வார். மருந்து ஏற்றும் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். நல்ல குண்டாகத் தெரிந்தெடுப்பதற்குத்தான் ஒரு முழு ஞாயிறு போகும். "ஒரு குண்டு எண்டா ஒரு குண்டுதானே பாஸ், இதில என்ன பொம்பிளை பார்க்கிற மாதிரிப் பார்க்கிறியள்?" என்று கேட்டேன். பாக்கியம் அக்கா குசினிக்குள் இருந்து சிரித்தார். பாஸ் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து இரக்கப்பட்டார் என்றுதான் சொல்லவேண்டும்.

ஒவ்வொரு குண்டையும் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உருட்டுவார். கோணல் உள்ளது தள்ளாடும். அதை எடுத்து அப்புறம் வைப்பார். மிஞ்சியதை நிறுப்பார். ஒரே நிறையுள்ளவை ஒரு குவியல். நிறை மாறினால் குண்டு போய்ப் படுகிற இடமும் மாறும் என்பார். நீளமான, பாரமான குண்டுகளை அந்தப் பழைய குழாய் போதிய அளவு சுழற்றாது, அவை வழியிலேயே புரண்டுவிடும் என்று அவற்றை எடுக்கவேமாட்டார். கடைசியில் மூக்கைப் பார்ப்பார். சில குண்டுகளின் நுனியில் ஈயம் வெளியே தெரியும். அவை மென்மையானவை. பன்றியின் உடம்புக்குள் போனதும் விரிந்து அங்கேயே நின்றுவிடும். மற்றவை நுனிவரை செம்புத் தகடு மூடியவை. அவை பன்றியைத் துளைத்து மறுபக்கத்தால் போய்விடும். எங்கள் தோட்டம் முழுவதும் சரிவு. மேலே காடு, கீழே சனம் குடியிருக்கும் லயங்கள். "குண்டத் தெரியுறப்பவே பன்னிக்கு அந்தாண்ட யாரு இருக்கான்னு பாக்கணுங்க. சுடுறப்ப பாத்து பிரயோசனமில்ல" என்றார். நான் அதற்குப் பிறகு கேலி பண்ணியதில்லை.

ஒதுக்கிய குண்டுகள் மறுபடி கலந்துவிடாமல் இருக்க, ஒவ்வொன்றின் அடியிலும் அரத்தால் ஒரு கோடு இழுத்து வேறு டின்னில் போடுவார். செம்பு மூடிய குண்டை உருக்கி வேறாக்கவும் முடியாது, எறியவும் மனம் வராது. ஆற்றில் தூண்டில் போடுகிறவர்கள் யாராவது பாரம் கட்டக் கேட்டால் கொடுத்துவிடுவார். மீன் பிடிக்கத்தானே என்பார். அதில் ஒரு பிழை இருப்பதாக எனக்கும் அன்று படவில்லை. நானே ஒருமுறை ஒருவரை அவரிடம் அனுப்பியிருக்கிறேன்.

அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு வந்த அந்தக் காலத்தில் லயத்துச் சனம் கிடைத்த மூலையிலெல்லாம் மரவள்ளியும் வத்தாளைக் கிழங்கும் நட்டது உங்களுக்கு நினைவிருக்கும். தட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்தது. ஆனால் நட்டவர்கள் விடவில்லை, விடவும் முடியாது. கிழங்கு இருந்ததால்தான் சில வீடுகளில் காலையில் பிள்ளைகள் எதையாவது தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போயின. டிஸ்பென்சரியில் பிள்ளைகளின் நிறையை எழுதுகிறவன் நான், எனக்குத் தெரியும். பன்றிகளுக்கும் அது தெரிந்துவிட்டது. ஒரே வாரத்தில் ஏழு எட்டுக் குடும்பங்களின் பாத்திகளைக் கிண்டிப் புரட்டிவிட்டன. பாஸிடம் மென்மையான குண்டு அப்போது ஒன்றுகூட இல்லை. இறக்குமதி நின்றதிலிருந்து கொழும்புக் கடைக்காரர் அனுப்பியதெல்லாம் செம்பு மூடியவைதான். இருந்த கடைசி நல்ல குண்டு போன வருடமே தீர்ந்திருந்தது. அவர் ரைபிளைத் துடைத்துப் பூட்டிவைத்துவிட்டார்.

சும்மா இருந்தார் என்று யாரும் சொல்லக்கூடாது. தகர டின்களைக் கோத்து வேலியில் கட்டினார். கஹவத்தைச் சந்தையில் இருக்கிற சலூன்களுக்கெல்லாம் போய், வெட்டிப்போட்ட தலைமயிரைச் சாக்கில் அள்ளிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். மனித வாடைக்குப் பன்றி வராதாம். பஸ்ஸில் சாக்கு அவிழ்ந்து கொட்டி, ஒரு அம்மா அவரைச் சிங்களத்தில் கிழிகிழியென்று கிழித்ததை அவரே வந்து சொல்லிச் சிரித்தார். மயிரைப் பாத்திகளைச் சுற்றித் தூவினார். இரண்டு நாள் பன்றி வரவில்லை. மூன்றாம் நாள் வந்து மயிரையும் சேர்த்துக் கிண்டிவிட்டுப் போனது.

அந்த ஞாயிறு கோவில் முன்றலில் தோட்டத் தலைவரும் இருபது முப்பது பேரும் கூடி, பாஸை வரச்சொன்னார்கள். எனக்கு அங்கே வேலையில்லை. இருந்தும் போனேன். இருக்கிற குண்டை வைத்துச் சுடுங்கள் என்று எல்லாரும் கேட்டார்கள். பாஸ் கீழே கையைக் காட்டினார். "இங்கன இருந்து சுட்டா அது பன்னியத் தாண்டி லயத்துக்குத்தாங்க போகும். என்னால முடியாது" என்றார். யாரோ ஒருவர் பாஸுக்குப் பயம் பிடித்துவிட்டது என்றார். நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். முந்திய நாள் நான் நிறை பார்த்த ஒரு பிள்ளை மூன்று மாதமாக ஒரு இறாத்தல்கூடக் கூடியிருக்கவில்லை. அந்த எரிச்சல் எனக்கு. எல்லாரும் கேட்கச் சொன்னேன்: "பாஸ் குண்டு தெரிஞ்சு முடியிறதுக்குள்ள பிள்ளையள் எலும்பாப் போயிடும். அவர் சுடமாட்டார். நீங்கள் வேற வழியைப் பாருங்கோ."

பாஸ் என்னைப் பார்த்தார். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கூட்டமும் கலைந்தது. வேறு வழி என்று நான் சொன்னபோது என் மனதில் என்ன வழி இருந்தது என்று இப்போது எத்தனை தரம் யோசித்தாலும் ஒன்றும் அகப்படவில்லை. கோபத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றவர்களில் ஒருவர் அதைத் தனக்குச் சொன்ன யோசனையாகவே எடுத்துக்கொண்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து, விடிந்து கொஞ்ச நேரத்தில் மேல்மலைப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. பாஸ் மனம் மாறிச் சுட்டுவிட்டார் என்று நினைத்து, வெட்கமில்லாமல், நான் சந்தோஷப்பட்டேன். அரை மணி நேரத்தில் நாலு பேர் அவரைக் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். வேலிக் கம்பி சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போயிருக்கிறார். இடது கால் முழங்காலுக்குக் கீழே கால் மாதிரியே இல்லை. ஆம்புலன்ஸுக்கு அடித்தோம். மழைக்கு மதகு உடைந்திருந்ததால் அது கீழ்ப் பாதையோடு நின்றுவிட்டது. உடைந்த இடத்தில் இறங்கி ஏறக்கூடிய தோட்டத்து லொறியை எடுத்துவர ஓடினார்கள். என்னிடம் இருந்தது கட்டுத்துணி, சேலைன், வலிக்கு ஒரு ஊசி. முழங்காலுக்கு மேலே இறுக்கிக் கட்டினேன். காயத்தைக் கழுவினேன். கழுவக் கழுவ இரத்தம் வந்தது. இத்தனை வருட உத்தியோகத்தில் என் கைகள் இவ்வளவு ஒன்றுக்கும் உதவாதவை என்று எனக்குத் தோன்றியதில்லை.

ஆணித் துண்டுகள், சைக்கிள் செயின் துண்டு, ஏதோ இரும்பு. கழுவும்போது தானாக வெளியே வந்தவற்றை எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தேன். பாஸுக்கு நினைவு தப்பவில்லை. "என்னாத்தப் போட்டிருக்கான், காட்டுங்க" என்றார். வேண்டாம் என்றேன். "காட்டுங்கய்யா" என்றார் மறுபடி. தட்டைச் சரித்தேன். நடுவில் ஒன்று செம்பு நிறத்தில் நீளமாகக் கிடந்தது. அவர் கையை நீட்டி எடுத்து, பெருவிரலால் அடியைத் துடைத்தார். அரம் இழுத்த கோடு தெரிந்தது.

வெளியே ஆட்கள் லொறி வருகிறதா என்று பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே நாங்கள் இரண்டு பேர்தான். "இது எங்கையில இருந்து போனதுங்க" என்றார். யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அந்த வருடம் ஒரே ஒருவருக்குத்தான் கொடுத்திருந்தார். பெயரைச் சொன்னார். ஒருமுறை நான் அவரிடம் அனுப்பிவைத்தேன் என்றேனே, அதே ஆள். பொலிஸில் சொல்லவேண்டும் என்றேன். அவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லாதீங்க டாக்டர் ஐயா. அவன் புள்ளைங்களுக்கு வச்சதத்தான் பன்னி மொதல்ல தின்னுச்சு. என்னைய நெனச்சா கட்டுனான்? சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க." சொல்லமாட்டேன் என்று சொன்னேன். இரத்தம் போய்க்கொண்டிருக்கிற மனிதனிடம் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? லொறி வந்தது. அந்தக் குண்டு அவர் கைக்குள்ளேயே போனது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பாலத்தில் லொறி மெதுவானபோது, அதை ஆற்றில் எறிந்துவிட்டார்.

பொலிஸ் என்னிடம் மூன்று தரம் வந்தது. தட்டில் இருந்ததை எல்லாம் பொதிசெய்து கொடுத்தேன். "தவ மொனவத் நெத்த, மஹத்தயா?" என்று சார்ஜன்ட் கேட்டார். வேறு ஒன்றும் இல்லையா என்று. நான் இல்லை என்றேன். இதை இங்கே எழுதுவதால் எனக்கு என்ன வரும் என்று தெரியும். வருவது வரட்டும். பாஸ் மறைக்கச் சொன்னது ஒரு பெயரை மட்டும்தான். என் பொய்யையும் சேர்த்து மறைக்கச் சொல்லவில்லை.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் அந்தக் காலை வெட்டி எடுத்தார்கள். அவர்கள் செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள். ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போவேன். கோவில் முன்றலில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துப் போய், ஒவ்வொரு முறையும் புண் எப்படி, காய்ச்சல் எப்படி என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். அவருக்கு அது விளங்கியிருக்கவேண்டும். ஒருநாள் அவராகவே, "நீங்க அன்னைக்குப் புள்ளைங்களுக்காகத்தானே பேசுனீங்க, எனக்கும் வருத்தந்தான், ஆனா கோவமில்லீங்க" என்றார். நான் வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

தோட்டத்திலிருந்து பலர் பார்க்கப் போனார்கள். அவித்த மரவள்ளி கொண்டுபோனவர்கள் மட்டும் நாலைந்து பேர். அவர்களில் அந்த ஆளும் ஒருவர். கட்டிலருகே வெகுநேரம் நின்றாராம். அழுதாராம். அவராகச் சொல்வார் என்று பாஸ் காத்திருந்திருக்கிறார். "சொன்னவரோ?" என்று கேட்டேன். "சொல்லலீங்க. சொல்ல வந்தான். பக்கத்துக் கட்டில்ல ஆளு இருந்துச்சு. மறுபடி வருவான்" என்றார் பாஸ். கொண்டுவந்த கிழங்கை என்ன செய்தீர்கள் என்றேன். "தின்னேன். நல்லா வெந்திருந்துச்சு" என்றார். அந்த ஆள் மறுபடி போகவில்லை. பாஸை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு காய்ச்சல் திரும்பியது. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி வீடு. செவ்வாய்க்கிழமை காலை பாக்கியம் அக்காவின் போன்.

அடக்கத்துக்குப் போகும் வழியில் எல்லாரும் மாறி மாறித் தோள்கொடுத்தோம். ஒரு கட்டத்தில் முன்பக்கம் நானும் அந்த ஆளும். இரண்டு பேரும் பாதையைப் பார்த்துக்கொண்டு நடந்தோம். மதகு வரைக்கும் நடந்தோம். பிறகு வேறு ஆட்கள் வாங்கிக்கொண்டார்கள்.

பாஸ் சுடாமல் விட்டதால்தான் இத்தனையும் நடந்தது என்று லயத்தில் சிலர் இன்னும் சொல்கிறீர்கள். அவர் சுட்டிருந்தால் பன்றி செத்திருக்கும். அந்தக் குண்டு உங்களில் யாருடைய வீட்டில் போய் நின்றிருக்கும் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இது ஒன்றையாவது அவருக்காகச் சொல்ல விரும்பினேன்.

அவருடைய சாமான் ஒன்றும் என்னிடம் இல்லை. பாக்கியம் அக்கா தருகிறேன் என்றார், நான் வாங்கவில்லை. பாஸ் எனக்கு விட்டுப்போனது ஒரு பெயர் மட்டும். அதைச் சொல்லவும் எனக்கு வழியில்லை, மறக்கவும் வழியில்லை. அந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே, வேறு வழியைப் பாருங்கோ என்ற என் சொல்லும் இருக்கிறது. ஞாயிறு பின்னேரங்களில் நான் டிஸ்பென்சரியில் தனியாகத்தான் இருப்பேன். அந்தப் பெயருக்குரிய தம்பி, நீர் வந்தால் கதவைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து அழுவோம்.